திருகோணமலையில இருந்து ரொறன்ரோ: எவ்வளவு தூரம், எத்தனை மணித்தியாலம்? அடிக்கடி கேக்குற கேள்விகள்

அம்மாவை தனிய கனடாவுக்கு தம்பியிட்ட அனுப்பினதில இருந்து சொந்தக்காரர், அயலட்டை, கோயில்ல காணுற ஆக்கள் எல்லாரும் என்னட்ட கேக்குறது ஒரே விஷயம்தான், எவ்வளவு நேரம் பிளேன்ல இருக்கணும், எங்க மாறி ஏறணும், வயசான ஆக்களுக்கு ஏலுமா எண்டு. ஒவ்வொருத்தருக்கும் வட்ஸ்அப்பில வொய்ஸ் போட்டு போட்டு முடியேல்ல, அதால எல்லாத்தையும் ஒரே இடத்தில எழுதுறன். உங்கட வீட்டிலயும் யாரும் வெளிக்கிடுறாங்க எண்டா ஆறுதலா இருந்து வாசிங்கோ.

கொழும்பில இருந்து ரொறன்ரோ எத்தனை கிலோமீற்றர்?

கட்டுநாயக்க எயார்போட்டில இருந்து ரொறன்ரோ பியர்சன் எயார்போட் வரைக்கும் நேர அளந்தா கிட்டத்தட்ட 14,000 கிலோமீற்றர், மைல் கணக்கில 8,700. இதில ஒரு குழப்பம் வரும், கவனமா பாருங்கோ. கொழும்பு லண்டன் தூரம் 8,700 கிலோமீற்றர், கொழும்பு ரொறன்ரோ தூரம் 8,700 மைல், ரெண்டும் ஒரே இலக்கம். நெட்டில தேடேக்க ஒரு இடத்தில கிலோமீற்றரும் இன்னொரு இடத்தில மைலும் போட்டிருப்பாங்க, அதைப் பாத்திட்டு லண்டனும் கனடாவும் ஒரே தூரம்தானே எண்டு எனக்கே ஒரு மாமா சண்டைக்கு வந்தவர்.

பூமியில ரெண்டு இடம் ஆகக்கூட இருக்கக்கூடிய தூரமே 20,000 கிலோமீற்றர்தான், அதில 14,000 எண்டா எவ்வளவு தூரம் எண்டு யோசிச்சுப் பாருங்கோ.

இன்னொண்டு, திருகோணமலையில இருந்து நேர அளந்தா 13,900 தான் வரும். நாங்க கொழும்பை விட ரொறன்ரோவுக்கு ஒரு 100 கிலோமீற்றர் கிட்ட இருக்கிறம். ஆனா ஏறுறதுக்கு முதல்ல மற்றப் பக்கம் தெற்கு மேற்கா ரோட்டில போகணும்.

நேரடி பிளேன் இருக்கா?

இல்லை. எங்கயாவது ஒரு இடத்தில மாறித்தான் ஆகணும். பிளேனால அவ்வளவு தூரம் ஒரே இழுவையில பறக்க ஏலாது எண்டு இல்லை, சிங்கப்பூர் நியூயோர்க் பிளேன் 15,000 கிலோமீற்றருக்கு மேல, 18 மணித்தியாலத்துக்கும் கூட பறக்குது. அதுக்கெண்டு விசேஷமா செய்த பிளேன் அது, அப்படி ஒண்டை கொழும்பு ரொறன்ரோவுக்கு ஓட்டுறது எண்டா ஒவ்வொரு நாளும் நிறையிற அளவுக்கு ஆக்கள், அதுவும் கூடின விலை குடுத்து ஏறுற ஆக்கள் வேணும். எங்கட ஆக்கள் ரொறன்ரோவில, ஸ்காபரோ பக்கம் எவ்வளவு இருந்தாலும் கோடை லீவிலயும் கோயில் திருவிழாவிலயும் ஒண்டா வருவாங்க, மற்ற மாசம் குறைவு.

அப்ப மொத்தம் எத்தனை மணித்தியாலம்?

துபாய் வழியா போறதை வச்சு சொல்லுறன், எங்கட ஆக்கள் கனபேர் போறது அதால. கொழும்பு துபாய் 3,290 கிலோமீற்றர், நாலரை மணித்தியாலம். துபாய் ரொறன்ரோ 11,080 கிலோமீற்றர், 14 மணித்தியாலம் அளவில. ரெண்டையும் கூட்டினா பதினெட்டரை. நடுவில இருக்கிற நேரம் ரெண்டரை எண்டு வச்சாலும் 21 மணித்தியாலம்.

ஆனா இது எயார்போட்டில இருந்து எயார்போட்டுக்கு. எங்களுக்கு அது கணக்கில்லை, எங்கட வாசல்ல இருந்து அவங்கட வாசல் வரைக்கும் பாக்கணும். திருகோணமலையில இருந்து கட்டுநாயக்க 5 தொடக்கம் 6 மணித்தியாலம், அங்க 3 மணித்தியாலம் முந்தி நிக்கணும், அந்தப் பக்கம் இறங்கி இமிகிரேசன் லைன், பாக் எடுக்கிறது, பியர்சன்ல இருந்து 401 றோட்டில ஸ்காபரோ போறது எல்லாம் சேத்து ஒரு 2 மணித்தியாலம். கூட்டிப் பாருங்கோ, 32 மணித்தியாலம். 65 வயசு, 70 வயசு மனிசர் ஒண்டரை நாள் சரியா படுக்காம இருக்கப்போறாங்க எண்டதை மனசில வச்சுக்கொண்டுதான் டிக்கெட் போடணும், டிராவல்ஸ்காரர் "21 அவர்தான்" எண்டு சொல்லுறதை வச்சு இல்லை.

எந்தப் பக்கத்தால போனா தூரம் குறைவு? துபாயா, டோஹாவா, லண்டனா?

இதை நான் உக்காந்து கணக்குப் பாத்தனான், பாத்திட்டு எனக்கே ஆச்சரியம். துபாயால போனா ரெண்டு பிளேனும் சேத்து 14,370 கிலோமீற்றர். லண்டனால போனா 14,420. டோஹாவால போனா 14,490. நேர்ப் பாதை 14,000 தானே, அதை விட மூண்டும் 500 கூட கூட இல்லை, பிளேனுக்கு அது அரை மணித்தியாலம்.

இது எப்படி எண்டு விளங்கணும் எண்டா பிள்ளையளிட படிக்கிற குளோப் உருண்டை ஒண்டு எடுத்து, ஒரு நூலை இலங்கையில ஒரு நுனியும் ரொறன்ரோவில மற்ற நுனியும் வச்சு இறுக்கி இழுத்துப் பாருங்கோ. நூல் மேற்கு பக்கமா அரேபியாவைத் தாண்டி ஆபிரிக்காவால போகும் எண்டு நினைப்பீங்க, சுவர்ல தொங்குற மப்பில அப்படித்தான் தெரியும். ஆனா நூல் நேர வடக்கால ஏறும், இந்தியா, ஆப்கானிஸ்தான், கசகஸ்தான், ரஷ்யா, பிறகு ஐஸ் கடல், கிரீன்லாந்து, அங்கால கீழ இறங்கி கனடா. உருண்டையை தட்டையா விரிச்சு மப் கீறினதால வந்த வித்தியாசம் அது. துபாயில இருந்து போற பிளேனும் பொதுவா வடக்கால ஏறி நோர்வே, ஐஸ்லாந்து, கிரீன்லாந்து பக்கத்தாலதான் போகும். அம்மா சீட்டுக்கு முன்னால இருக்கிற ஸ்கிரீனை போன்ல படம் எடுத்து அனுப்பியிருந்தா, பிளேன் கிரீன்லாந்துக்குக் கிட்ட நிக்குது, கீழ எழுதியிருக்கு வெளி வெப்பநிலை மைனஸ் 58. எனக்கு அதைப் பாத்து நெஞ்சு ஒருக்கா பக்கெண்டிச்சு, அம்மாவுக்கு ஒண்டுமில்லை, போர்வையை மூடிக்கொண்டு தயிர்ச்சோறு கேட்டவவாம்.

2022 க்குப் பிறகு ரஷ்யாவுக்கு மேலால கனடா, ஐரோப்பா கொம்பனி பிளேன்கள் பறக்க ஏலாது, வளைகுடா கொம்பனிகளுக்கு அந்தத் தடை இல்லை. அதால கொம்பனியைப் பொறுத்து பாதையும் நேரமும் கொஞ்சம் மாறும்.

ஆக, தூரத்தைப் பாத்து வழி தெரிவு செய்யத் தேவையில்லை. மூண்டும் ஒண்டுதான். மாறுற இடத்தில எவ்வளவு நேரம் இருக்கப்போறீங்க, அதைத்தான் பாக்கணும். லண்டனால போறது எண்டா இலங்கை பாஸ்போட்டுக்கு ட்ரான்சிட் விசா சட்டம் இருக்கு, உங்களுக்கு அது பொருந்துமா எண்டு காசு கட்ட முதல் பாத்திடுங்கோ.

டிக்கெட்டில காலை 10 மணிக்கு ஏறி அண்டைக்கே இரவு 8.30 க்கு இறங்குற மாதிரி போட்டிருக்கு, பத்தரை மணித்தியாலம்தானா?

இல்லை இல்லை. டிக்கெட்டில போடுறது எப்பவும் அந்தந்த ஊர் நேரம். நாங்க குளிர்காலத்தில ரொறன்ரோவை விட பத்தரை மணித்தியாலம் முன்னுக்கு நிக்கிறம், அவங்கட கோடை நேரத்தில ஒன்பதரை. கனடாவில மார்ச் ரெண்டாவது ஞாயிறு மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்னுக்குத் தள்ளுவாங்க, நவம்பர் முதல் ஞாயிறு பின்னுக்கு எடுப்பாங்க, எங்கட மணிக்கூடு அப்படியே இருக்கும்.

உதாரணத்துக்கு குளிர்காலத்தில ஒரு கணக்கு: காலை 10 மணிக்கு கட்டுநாயக்கவில ஏறுறீங்க, நாலரை மணித்தியாலம் பறந்து துபாயில இறங்கேக்க அங்க பின்னேரம் 1 மணி, ஏனெண்டா துபாய் எங்களை விட ஒண்டரை மணித்தியாலம் பின்னுக்கு. 3.30 க்கு அடுத்த பிளேன், 14 மணித்தியாலம், ரொறன்ரோவில அதே நாள் இரவு 8.30. இப்ப வீட்டில மணிக்கூட்டைப் பாருங்கோ, இங்க அடுத்த நாள் காலை 7 மணி. 10 இல இருந்து அடுத்த நாள் 7 வரை எண்ணுங்கோ, 21. வேற எந்த சூத்திரமும் வேண்டாம், ஏறுற நேரத்தையும் இறங்குற நேரத்தையும் ரெண்டையும் இலங்கை நேரத்துக்கு மாத்திப்போட்டு கழிச்சா காணும்.

திரும்பி வரேக்க ஏன் நேரம் குறைவு?

காத்து. பூமிக்கு மேல 9, 10, 12 கிலோமீற்றர் உயரத்தில மேற்கில இருந்து கிழக்கா ஒரு வேகமான காத்து ஓடுது, ஜெட் ஸ்ட்ரீம் எண்டு சொல்லுறது, சில நாள் மணிக்கு 200 கிலோமீற்றருக்கும் மேல. போகேக்க அது முகத்தில அடிக்கும், வரேக்க முதுகில தள்ளும். கடல்ல வள்ளம் விடுற ஆக்களுக்கு இதைச் சொல்லித்தரத் தேவையில்லை. அதால துபாயில இருந்து போக 14 எடுக்கிற அதே தூரம், வரேக்க பன்னிரண்டரை, பதின்மூண்டு மணித்தியாலத்தில முடிஞ்சிடும். குளிர்காலத்தில இந்தக் காத்து இன்னும் பலம்.

நேரம் குறைஞ்சாலும் நாள் கூடும், அதையும் சொல்லணும். வெள்ளி இரவு 10 மணிக்கு ரொறன்ரோவில ஏறினா, இடையில 3 மணித்தியாலம் துபாயில நிண்டு, கட்டுநாயக்கவில இறங்குறது ஞாயிறு விடியக்காலை 4 மணி தாண்டி. வான் புக் பண்ணுற ஆக்கள் இதிலதான் பிழை விடுறது, சனிக்கிழமை போய் நிண்டு ஆளைக் காணேல்ல எண்டு பதறுறது. திகதியை ரெண்டு தரம் பாருங்கோ.

பிளேன் மணிக்கு 900 எண்டா 11,080 ஐ பன்னிரண்டு, பன்னிரண்டரையில முடிக்கலாமே?

900 எண்டது மேல ஏறி நேரா ஓடேக்க உள்ள வேகம். கதவு மூடினதில இருந்து ஓடுபாதைக்கு ஊர்ந்து போறது, ஏறுறது, இறங்குறது, எதிர்க்காத்து எல்லாம் சேந்து சராசரி 790 அளவில வந்திடும். டிக்கெட்டில போடுற நேரம் கதவு மூடி கதவு திறக்கிற வரைக்கும்.

லண்டன் மட்டும் எண்டா?

ஸ்ரீலங்கன் எயார்லைன்ஸ் நேர ஹீத்ரோவுக்கு போகுது, போக 11 மணித்தியாலம் அளவு, வர அதை விடக் கொஞ்சம் குறைவு. நேர வித்தியாசம் குளிருக்கு அஞ்சரை, கோடைக்கு நாலரை. தனிய போற ஆக்களுக்கு அது லேசு.

திருகோணமலையில இருந்து எத்தனை மணிக்கு வெளிக்கிடணும்?

விடியக்காலை 3, 4 மணி பிளேன் எண்டா முதல் நாள் பின்னேரம் 4 மணி பிந்தக்கூடாது. கந்தளாய், ஹபரணை, தம்புள்ள, குருநாகல் எண்டு போற வழி, இருட்டினாப் பிறகு கந்தளாய்க்கும் ஹபரணைக்கும் இடையில யானை ரோட்டுக்கு வரும், அந்தத் துண்டை வெளிச்சத்தோட தாண்டினா நிம்மதி. நாங்க அம்மாவோட ஹபரணையில ஒரு தேத்தண்ணிக்கு நிப்பாட்டினம், அம்மா கைலேஞ்சியில முடிஞ்ச கோணேசர் கோயில் திருநீறை எடுத்து டிரைவர் தம்பிக்கும் பூசிவிட்டா.

இரவு மெயில் ரெயின்ல போகலாம்தான், ஆனா கொழும்பு கோட்டையில இறங்கி திரும்பி கட்டுநாயக்க வரணும், பாக்குகளோட அது சரிவராது.

சீனக்குடாவில எயார்போட் இருக்குத்தானே, அங்க இருந்து ஏற ஏலாதா?

சீனக்குடா விமானப்படையிட இடம், உள்ளூர் சின்ன பிளேன் வந்து போகும், வெளிநாட்டுப் பிளேன் இல்லை. 1942 ஏப்ரல் 9 ஜப்பான்காரன் வந்து குண்டு போட்ட இடம் எண்டு எங்கட பழைய ஆக்கள் கதை சொல்லுவாங்க. அந்த யுத்த காலத்திலேயே, 1943 இல இருந்து 1945 வரைக்கும், காலிக்குப் பக்கத்தில கொக்கல வாவியில இருந்து அவுஸ்திரேலியாவிட பேர்த்துக்கு குவாண்டாஸ் கொம்பனி தண்ணியில இறங்குற கற்றலினா பிளேன் ஓட்டினது. 5,600 கிலோமீற்றர் சொச்சத்துக்கு 27 தொடக்கம் 33 மணித்தியாலம் இறங்காமப் பறக்கிறது, உள்ள மூண்டு பேருக்குத்தான் இடம், ஒரே பயணத்தில சூரியன் ரெண்டு தரம் உதிக்கிறதைக் காணுவாங்களாம். பயணிகள் பிளேன் ஒண்டு அவ்வளவு நேரம் இறங்காம பறந்ததில இண்டைக்கும் அதுதான் சாதனை. 14 மணித்தியாலம் எண்டு பயப்படுற ஆக்களுக்கு நான் இந்தக் கதையைச் சொல்லுறனான்.

ட்ரான்சிட் எவ்வளவு நேரம் இருந்தா நல்லது?

இதைத்தான் நான் ஆகக் கூடுதலா சொல்ல விரும்புறது. இளம் ஆக்கள் எண்டா ஒண்டரை, ரெண்டு மணித்தியாலம் காணும். வயசான ஆக்கள், முதல் தரம் போற ஆக்கள், சின்னப் பிள்ளையோட போற ஆக்கள் எண்டா 3 தொடக்கம் 4 மணித்தியாலம் வச்சுப் போடுங்கோ, அதுக்கு அஞ்சாறாயிரம் கூடினாலும் பரவாயில்லை.

அம்மாவுக்கு முதல் தரம் நாங்க போட்ட டிக்கெட்டில மாறுறதுக்கு இருந்தது ஒரு மணித்தியாலமும் பத்து நிமிசமும். மொத்த நேரம் குறைவா இருக்கு எண்டு நான்தான் அதைத் தெரிவு செய்தன். முதல் பிளேன் முக்கால் மணித்தியாலம் பிந்தி வெளிக்கிட்டுது, அம்மா மற்றப் பக்கம் போய்ச் சேரேக்க கேட் மூடிட்டாங்க. ஒன்பது மணித்தியாலம் ஒரு கதிரையில இருந்தவ, பாத்ரூம் போனா ஆக்கள் கூப்பிட்டுப் போட்டு விட்டிட்டுப் போயிடுவாங்க எண்டு பயந்து தண்ணி கூட குடிக்கேல்ல. எனக்கு அது இண்டைக்கும் ஆறேல்ல. நேரம் மிச்சம் பிடிக்கப் போய் அம்மாவை அப்படி இருத்திட்டனே எண்டு.

ஒரு விஷயம் சரியா செய்திருந்தம், ரெண்டு பிளேனும் ஒரே டிக்கெட்டில இருந்தது. அதால அடுத்த பிளேன்ல சீட் அவங்களே போட்டுக் குடுத்தாங்க, சாப்பாட்டுக் கூப்பனும் குடுத்தாங்க. மலிவு எண்டு ரெண்டு டிக்கெட் வேற வேறயா வாங்கினா, முதலாவது பிந்தி ரெண்டாவது போயிட்டுது எண்டா அந்தக் காசு போச்சு, புதுசா வாங்கணும். பாக்கும் நடுவில நீங்களே எடுத்து திரும்பப் போடவேண்டி வரும், அதுக்கு அந்த நாட்டு விசாவும் கேக்கலாம்.

இங்கிலீஸ் தெரியாத அம்மா அப்பா தனிய போகலாமா?

தாராளமா. டிக்கெட் போடேக்கயே வீல்செயர் வேணும் எண்டு சொல்லுங்கோ, பிந்தினாலும் 48 மணித்தியாலத்துக்கு முதல். நடக்க ஏலும் எண்டாலும் கேளுங்கோ, வெக்கப்பட ஒண்டுமில்லை, காசும் இல்லை. செக்கின்ல இருந்து பிளேன் வாசல் வரைக்கும், மாறுற இடத்திலயும், இறங்குற இடத்தில இமிகிரேசன் வரைக்கும் ஆள் வந்து கூட்டிக்கொண்டு போகும்.

ரெண்டாம் தரம் அம்மா போகேக்க ஒரு மட்டை வெட்டி, கறுப்பு மார்க்கரால ஒரு பக்கம் தமிழில, மற்றப் பக்கம் இங்கிலீசில எழுதி நாடா போட்டு கழுத்தில விட்டன். தமிழ்ப் பக்கம் பெரிய எழுத்தில: "1. கட்டுநாயக்க – துபாய். 2. துபாயில 4 மணித்தியாலம் இருக்கணும், பயப்படாதீங்க. 3. துபாய் – ரொறன்ரோ." இங்கிலீஸ் பக்கம் பேர், ரெண்டு பிளேன் நம்பர், தம்பியிட போன் நம்பர், மரக்கறி மட்டும், தமிழ் மட்டும் பேசுவா எண்டு. பிளேன்ல பக்கத்து சீட்டில இருந்த பிள்ளை அந்த மட்டையை வாசிச்சுப் போட்டு அம்மாவுக்கு ஸ்கிரீன்ல மப் போட்டுக் குடுத்திச்சாம்.

அவ்வளவு நேரம் இருந்தா உடம்புக்கு ஏதும் செய்யுமா?

கால்தான் முக்கியம். நாலு மணித்தியாலத்துக்கு மேல ஒரே இடத்தில இருந்தா காலில ரத்தம் கட்டியாகிற ஆபத்து கூடும், ரெண்டு மணித்தியாலத்துக்கு ஒருக்கா எழும்பி நடக்கணும், இருந்தபடியே குதிக்காலைத் தூக்கி இறக்கணும், ஓரமா நடைபாதைப் பக்க சீட் எடுத்தா எழும்ப லேசு. உள்ள காத்து வரண்டது, தண்ணி குடிச்சுக்கொண்டே இருக்கணும். பிளேனுக்குள்ள காத்து அழுத்தம் 1,800 தொடக்கம் 2,400 மீற்றர் மலை உச்சியில இருக்கிற மாதிரி வச்சிருப்பாங்க, அதாவது 14 மணித்தியாலம் நுவரெலியாவிலயோ அதை விடக் கொஞ்சம் மேலயோ இருக்கிறது மாதிரி. சுகதேகிக்கு ஒண்டுமில்லை, நெஞ்சு வருத்தம், சுவாச வருத்தம் உள்ள ஆக்கள், கிட்டடியில ஒப்பரேசன் செய்த ஆக்கள் டொக்டரிட்ட கேக்காம ஏறக்கூடாது.

சீனி, பிரசர் குளிசை எந்த நேரத்துக்குப் போடுறது?

டொக்டர்தான் சொல்லணும், ஏனெண்டா அந்த நாள் 24 மணித்தியாலம் இல்லை, போகேக்க முப்பத்து நாலரை மணித்தியால நாள். இன்சுலின் போடுற ஆக்கள் பயண நேரத்தை எழுதிக் கொண்டுபோய் கேளுங்கோ. மருந்தையும் டொக்டர் எழுதின மருந்துத் துண்டையும் கைப்பையில வையுங்கோ, பெரிய பாக்கில வேண்டாம்.

போய் எத்தனை நாளில நித்திரை சரியாகும்?

ஒரு கிழமை, பத்து நாள் பிடிக்கும். விடியக்காலை 2, 3 மணிக்கு கண் முழிச்சு பசிக்கும், அது வருத்தம் இல்லை, உடம்புக்கு இன்னும் திருகோணமலை நேரம். பகல் வெளிச்சத்தில கொஞ்சம் நடக்க விடுங்கோ, பகல்ல நீட்டி நிமிந்து படுக்க விடாதீங்கோ. போறதை விட திரும்பி வந்தாப் பிறகுதான் கன பேருக்கு கஷ்டம், கிழக்குப் பக்கமா வாறதுக்கு உடம்பு பழக நேரம் எடுக்கும்.

இங்க இருந்து கோல் எடுக்க நல்ல நேரம் எது?

எங்களுக்குப் பின்னேரம் 7.30 எண்டா அங்க குளிர்காலத்தில காலை 9, கோடையில 10. அம்மா அங்க இருந்த மூண்டு மாசமும் நாங்க அந்த நேரத்துக்குத்தான் எடுத்தனாங்க, இங்க பத்திரகாளி அம்மன் கோயில் பூசை முடிஞ்சு நான் வீட்டுக்கு வர சரியா இருக்கும், அம்மா அங்க தேத்தண்ணிக் கோப்பையோட ஜன்னலுக்குப் பக்கத்தில இருப்பா.